பள்ளி மூடியிருக்கும்போது சின்ன வகுப்புப் பிள்ளைகள்: வீட்டில் எவ்வளவு படிப்பு, மிச்ச நேரம் எப்படி?

கொரோனா பொதுமுடக்கக் காலத்தில் வந்த கேள்வி இதுதான்: பையன் ஒன்றாம் வகுப்பு, பெண் நான்காம் வகுப்பு. பொதுமுடக்கத்தால் பள்ளி இல்லை. அம்மா, அப்பா இருவருக்கும் வீட்டிலிருந்தே வேலை. பள்ளி நேரப்படி அட்டவணை போட்டு உட்கார வைத்தால் காலையிலேயே அழுகையும் சண்டையும் தொடங்கிவிடுகிறது. எப்படிப் படிக்க வைப்பது? மிச்ச நேரத்தை எப்படி ஓட்டுவது?

முதல் வேலையாக அந்த அட்டவணையைச் சுவரிலிருந்து எடுத்துவிடுங்கள். பிள்ளைகள் பள்ளியில் ஆறு மணி நேரம் இருக்கிறார்கள், உண்மைதான். ஆனால் ஆறு மணி நேரமுமா படிக்கிறார்கள்? வருகைப் பதிவு, வரிசை, நோட்டை எடு, நோட்டை வை, பென்சில் காணோம், பக்கத்துப் பையன் எழுதி முடிக்கும்வரை சும்மா இரு. இதெல்லாம் போக மிஞ்சுவது கொஞ்சம்தான். பல வருடம் சின்ன வகுப்புகளில் நின்றவன் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன். வீட்டில் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே பிள்ளைக்குச் சொல்லித் தரும்போது அந்தக் கொஞ்ச நேரமே போதும்.

இதைக் கல்வித் துறைகளும் சொல்லியிருக்கின்றன. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலக் கல்வி வாரியம் 2020-ல் பள்ளிகள் மூடியபோது வெளியிட்ட பரிந்துரையில், 1, 2-ஆம் வகுப்புகளுக்கு ஒரு நாளைக்கு 45 முதல் 90 நிமிடம், 3 முதல் 5-ஆம் வகுப்பு வரை 60 முதல் 120 நிமிடம் என்றுதான் இருந்தது. அதுவும் ஒரே மூச்சில் கிடையாது. உங்கள் பையனுக்குக் கால் மணி நேரம் ஒரு தவணை, பெண்ணுக்கு இருபது இருபத்தைந்து நிமிடம் ஒரு தவணை. நடுவில் எழுந்து ஓட வேண்டும்.

அந்தக் குறைந்த நேரத்தில் எதைப் படிப்பது என்பதுதான் அடுத்தது. என் பதில் பிடிவாதமானது: வாசிப்பு, எண். இந்த இரண்டையும் விடாதீர்கள். மற்றதெல்லாம் நழுவினாலும் பரவாயில்லை. நான்காம் வகுப்பு சமூக அறிவியலில் ஒரு பாடம் விட்டுப்போனால் ஐந்தாம் வகுப்பில் ஒரு வாரத்தில் பிடித்துவிடலாம். ஒன்றாம் வகுப்புப் பையன் வாசிப்பை விட்டுவிட்டால், அதற்கப்புறம் வரும் ஒவ்வொரு பாடத்திலும் அது வந்து நிற்கும்.

இதைக் கொஞ்சம் பயமுறுத்தலாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. நெதர்லாந்தில் 2020-ல் பள்ளிகள் மூடியிருந்தது எட்டே வாரம். வீட்டு இணைய வசதியில் உலகத்திலேயே முன்வரிசையில் இருக்கும் நாடு அது. மூடுவதற்குச் சற்று முன்பும் திறந்த பின்பும் தேசியத் தேர்வுகள் நடந்ததால் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. 2021-ல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் வீட்டிலிருந்த காலத்தில் முன்னேறியது மிகக் குறைவு, கிட்டத்தட்ட இல்லை என்றே சொல்லலாம். பெற்றோர் அதிகம் படிக்காத வீடுகளில் இழப்பு இன்னும் பெரிது. ஆக, நல்ல இணையம் இருந்தாலே பள்ளி வீட்டுக்கு வந்துவிடும் என்பதில்லை. எல்லாப் பாடத்தையும் இழுத்துப் பிடிக்கப் பார்த்தால் எதுவும் கையில் நிற்காது.

சரி, வாசிப்பு. பையனிடமிருந்து தொடங்குவோம். ஒன்றாம் வகுப்பில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு எழுத்து தெரியும், சொல் தெரியாது. ‘ப... ட... கு’ என்று மூன்றையும் சரியாகச் சொல்லிவிட்டு, ‘என்ன சொல்?’ என்று கேட்டால் உங்கள் முகத்தைப் பார்ப்பான். எழுத்தை மறுபடி மறுபடி எழுத வைப்பதால் இது தீராது. மூன்று ஒலியையும் விடாமல் இழுத்துச் சேர்த்துச் சொல்லிக் காட்டுங்கள், அவனும் உங்களோடு சேர்ந்து இழுக்கட்டும். தினம் ஐந்தாறு சொல் போதும்.

அடுத்து கொம்பு. ‘கொ’ என்ற எழுத்தைப் பிள்ளையின் கண்ணால் பாருங்கள். முதலில் ஒரு கொம்பு, நடுவில் ‘க’, கடைசியில் ஒரு கால். கண் பார்க்கும் வரிசை வேறு, வாய் சொல்ல வேண்டிய வரிசை வேறு. அதனால்தான் பாதிப் பிள்ளைகள் ‘கொடி’யை ‘கெடி’ என்றோ ‘காடி’ என்றோ வாசிக்கிறார்கள். கண்ணில் முதலில் எது பட்டதோ அதைச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். இன்னொன்று, அச்சில் துணைக்காலும் ‘ர’வும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ‘மரம்’ என்பதை ‘மாம்’ என்று வாசிக்கும் பிள்ளைக்குக் கவனக்குறைவு என்று திட்டு விழும். அவன் கவனமாகத்தான் பார்த்திருக்கிறான். துண்டுக் காகிதங்களில் ‘க’, ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, கால் என்று தனித்தனியாகப் பெரிதாக எழுதி வெட்டிக் கொடுத்து, நீங்கள் சொல்லும் எழுத்தைத் தரையில் அடுக்கச் சொல்லுங்கள். கெ, கே, கா, கொ, கோ. கை வேலை செய்யும்போது கண் பழகிவிடும்.

வாசிக்கும்போது தடுக்கினால் உடனே எடுத்துக் கொடுக்காதீர்கள். மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். பெரும்பாலும் நான்கில் அவனே சொல்லிவிடுவான். ஒரு பக்கத்தில் ஐந்து சொல்லுக்கு மேல் தடுக்கினால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு அவனுக்கு இல்லை, நீங்கள் வாசித்துக் காட்ட வேண்டியது. வாசித்துக் காட்டுவதை மட்டும் எந்த வகுப்பிலும் நிறுத்திவிடாதீர்கள். நான்காம் வகுப்புப் பெண்ணுக்கும் வேண்டும். அவளால் தானாக வாசிக்க முடிவதைவிடக் கொஞ்சம் கடினமான கதையை எடுத்து, தினம் ஒரு அத்தியாயம் படித்துவிட்டு, சுவாரசியமான இடத்தில் மூடி வையுங்கள். மறுநாள் நீங்கள் வருவதற்குள் அவளே எடுத்துப் புரட்டியிருப்பாள். ஒரே புத்தகத்தைப் பத்து தடவை கேட்டால் பத்து தடவையும் படியுங்கள். பெரியவர்களுக்குத்தான் அலுக்கும், பிள்ளைக்கு ஒவ்வொரு தடவையும் சொற்கள் இன்னும் கொஞ்சம் பழக்கமாகின்றன.

இரண்டு பிள்ளைகள் இருப்பதில் உங்களுக்கு ஒரு வசதி உண்டு. அக்கா தம்பிக்கு வாசித்துக் காட்டட்டும். தம்பி கேள்வி கேட்டுக் குடைவான். அவனுக்கு விளக்க வேண்டியிருப்பதால் அவள் நிதானமாக, பொருள் புரிந்து வாசிப்பாள். உங்களுக்கு ஒரு மீட்டிங் ஓடிவிடும். ‘நீதான் டீச்சர்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அடி விழும்.

எழுதுவதற்கு நோட்டுப் பாடத்தைவிட வீட்டுத் தேவைகள் நல்லவை. பொருள் வாங்கும் பட்டியலை நீங்கள் சொல்ல, பெண் எழுதட்டும். ல, ள, ழ தப்பாக வந்தால் பட்டியலில் திருத்த வேண்டாம். அந்தச் சொல்லை மறுநாள் நீங்கள் சரியாக எழுதி அவள் கண்ணில் படும் இடத்தில் ஒட்டுங்கள். பார்க்க முடியாத ஒரு உறவினருக்குக் கடிதம் எழுதச் சொல்லுங்கள். பதில் வரும் கடிதத்தைப் போல எழுதத் தூண்டுவது எதுவும் இல்லை. அதனால் அந்த உறவினரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

எண்ணுக்கு வருவோம். இங்கே ஒர்க்‌ஷீட்டைவிட ஒரு சீட்டுக்கட்டும் இரண்டு பகடையும் அதிகம் சொல்லிக் கொடுக்கும். பையனுக்கு: பட முகச் சீட்டுகளையும் பத்துகளையும் எடுத்துவிட்டு மிச்சத்தைக் கவிழ்த்துப் பரப்புங்கள். இரண்டு சீட்டைத் திருப்ப வேண்டும், கூட்டி பத்து வந்தால் அவனுக்கு. 7 வந்தால் 3 எங்கே என்று தேட ஆரம்பித்துவிடுவான். பின்னால் இரண்டிலக்கக் கூட்டல் வரும்போது இந்தப் பத்தின் ஜோடிகள்தான் கைகொடுக்கும்.

பெண்ணுக்கு இட மதிப்பு விளையாட்டு. ஆளுக்கு மூன்று கட்டம் வரைந்துகொள்ளுங்கள்: நூறு, பத்து, ஒன்று. இப்போது அதே சீட்டுகளைக் கவிழ்த்து ஒரு கட்டாக அடுக்கி, ஒவ்வொன்றாக எடுங்கள். எடுத்த எண்ணை அடுத்த சீட்டைப் பார்ப்பதற்கு முன்பே ஏதாவது ஒரு கட்டத்தில் எழுதிவிட வேண்டும், பிறகு மாற்றக் கூடாது. பெரிய எண் வந்தவருக்கு வெற்றி. முதல் சீட்டு 9 என்றால் யோசனையே இல்லை, நேராக நூறில். 2 வந்தால் ஒன்றில். 6 வந்தால்தான் வேடிக்கை. நூறில் போடலாமா, இன்னும் பெரிதாக வருமா என்று பென்சில் காற்றிலேயே நிற்கும். இட மதிப்போடு நிகழ்தகவும் அங்கே உள்ளே வந்துவிடுகிறது, அந்தப் பெயரை யாரும் சொல்லாமலேயே. நாலு ஆட்டம் ஆனதும் ‘இந்தத் தடவை சின்ன எண்தான் ஜெயிக்கும்’ என்று விதியை மாற்றுங்கள். தலைகீழாக யோசிக்க வேண்டி வரும்.

வாய்ப்பாடு பற்றி எல்லாப் பெற்றோரும் கேட்பார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். பத்துக்குப் பத்து வாய்ப்பாட்டில் நூறு பெருக்கல் இருப்பதாகத் தோன்றும். 1, 2, 5, 10 இவை பிள்ளைக்கு எப்படியும் வந்துவிடும். மிச்சம் 3, 4, 6, 7, 8, 9. இதிலும் மூவேழும் ஏழுமூன்றும் ஒன்றே என்று ஒரு தடவை காட்டிவிட்டால், உண்மையில் மனதில் ஏற்ற வேண்டியவை 21 பெருக்கல்கள்தான். மூன்றுக்கு மேல் ஒரு வாரத்தில் வேண்டாம் என்று வைத்தாலும் ஏழு வாரத்தில் முடிந்தது. அந்த 21-ஐயும் அட்டையில் எழுதி, தெரிந்ததை ஒரு டப்பாவிலும் தெரியாததை இன்னொன்றிலும் போடச் சொல்லுங்கள். டப்பா மாறும் மகிழ்ச்சி, மதிப்பெண் தருவதைவிடப் பெரிது.

அறிவியலுக்குத் தனி நேரம் ஒதுக்க வேண்டாம், வெயிலும் ஒரு விதையும் போதும். ஜன்னல் வழியே தரையில் விழும் வெயிலின் ஓரத்தில் காலையில் ஒரு ஒட்டுநாடா ஒட்டுங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால் வெயில் நகர்ந்திருக்கும், அங்கே இன்னொன்று. நகர்வது வெயில் இல்லை, பூமி மணிக்கு 15 பாகை சுழல்கிறது என்று சொல்ல அதைவிட நல்ல இடம் கிடையாது. ஒரு மாதம் கழித்து அதே மணிக்குப் பார்த்தால் வெயில் அதே இடத்தில் இருக்காது. ஏன் என்று பெண் கேட்பாள், தேடிப் படிக்கச் சொல்லுங்கள். விதைக்கு ஒரு கண்ணாடிக் குவளை. உள்ளே ஈரக் காகிதத்தைச் சுற்றிவைத்து, காகிதத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு அவரை விதை. வேர் வந்து கீழே இறங்கத் தொடங்கியதும் குவளையைப் படுக்க வையுங்கள். ஓரிரு நாளில் வேர் வளைந்து மறுபடி கீழே போகும், தண்டு மேலே திரும்பும். தினமும் அளவுகோலால் அளந்து படம் வரைந்தால் அறிவியலும் கணக்கும் ஒரே நோட்டில் வந்துவிடும்.

ஆன்லைன் வகுப்பு நடந்தால் பையனுக்கு முதல் சில நாட்கள் பக்கத்தில் இருங்கள், மியூட் எங்கே என்று தெரிந்த பிறகு விலகிவிடுங்கள். திரைக்கு வெளியிலிருந்து பதில் எடுத்துக் கொடுக்காதீர்கள். ஆசிரியருக்குக் கேட்கும், பிள்ளையின் கண் ஓரமாகப் போவதும் தெரியும், சங்கடத்துக்காகச் சொல்லாமல் இருப்பார். போன் கையில் இருக்கக் கூடாது, எதிலாவது சாய்த்து ஒரு கை தூரத்தில் வையுங்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தொலைவில் இருக்கும் எதையாவது 20 விநாடி பார்ப்பது கண் மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்வது. வாட்ஸ்அப்பில் கொட்டும் ஒர்க்‌ஷீட் எல்லாவற்றையும் முடிக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. எது செய்தோம், எது செய்யவில்லை என்று ஆசிரியருக்கு இரண்டு வரி அனுப்பினால் அவருக்கும் நிம்மதி.

இனி மிச்ச நேரம். இங்கேதான் பெரும்பாலான பெற்றோர் தங்களைத் தாங்களே வதைத்துக்கொள்கிறார்கள். தினம் ஒரு கைவினை, தினம் ஒரு புதுமை என்று வீடியோ பார்த்து ஓடினால் ஒரு வாரம் தாங்கும். நியூட்டன் 1665-ல் கொள்ளைநோயால் கேம்பிரிட்ஜ் மூடப்பட்டு ஊருக்குப் போனபோதுதான் பெரிய கண்டுபிடிப்புகளுக்கு வித்திட்டார் என்று யாராவது அனுப்பியிருப்பார்கள். அப்போது அவருக்கு 22 வயது, பட்டம் வாங்கியிருந்தார். சுவரில் கிறுக்கும் வயது இல்லை. உங்கள் பையனுக்கு ஆறு.

பிள்ளைகளுக்கு நிஜமான வேலை கொடுங்கள். விளையாட்டுச் சாமான் வேலை வேண்டாம், செய்யாவிட்டால் வீட்டில் யாருக்காவது இடைஞ்சல் ஆகும் வேலை. துவைத்த துணியில் காலுறைகளுக்கு ஜோடி சேர்ப்பது, தட்டு எடுத்து வைப்பது, செடிக்குத் தண்ணீர், நாலாம் வகுப்புக்குப் பொத்தான் தைப்பது. முதலில் நீங்களே செய்வதைவிட இரண்டு மடங்கு நேரம் ஆகும். பொறுத்துக்கொண்டால் மூன்றாவது வாரத்தில் உங்கள் வேலை குறையும். செய்ததற்குப் பரிசு, நட்சத்திரம் எல்லாம் வேண்டாம் என்பது என் எண்ணம். நாளைக்கு நட்சத்திரம் தீர்ந்துபோனால் வேலையும் நின்றுவிடும்.

அப்புறம் ‘போர் அடிக்குது’. இதற்கு நீங்கள் பதில் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ‘அப்படியா’ என்று சொல்லிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். கால் மணி நேரம் முனகல் இருக்கும். அதைத் தாண்டிவிட்டால் பெட்ஷீட் கூடாரமாகும், நாற்காலி பேருந்தாகும். ஆனால் அதற்கு எட்டும் இடத்தில் மூலப்பொருள் இருக்க வேண்டும்: காலி அட்டைப்பெட்டிகள், கயிறு, பசை நாடா, நுனி மழுங்கிய கத்தரி, பழைய துணி, ஒரு டார்ச். பொம்மைகளில் பாதியை எடுத்துப் பரணில் போடுங்கள். இரண்டு வாரம் கழித்து இதை ஏற்றி அதை இறக்கினால் புதுசு வாங்கியது போலத்தான் பாய்வார்கள்.

உடம்பு அசைய வேண்டும். 5 முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்கு ஓடியாட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. வீட்டுக்குள் என்றால் பாட்டு போட்டு ஆட்டம், தலையணைகளைத் தாண்டிக் குதித்தல், மாடிப்படி இருந்தால் அதில் நாற்பது படி. இதைப் படிப்புத் தவணைகளுக்கு நடுவில் போட்டால் இரண்டும் நடக்கும். தூக்கம் 6 முதல் 12 வயதுக்கு 9 முதல் 12 மணி நேரம். பள்ளி இல்லை என்று படுக்கும் நேரத்தைத் தள்ளிவிட்டால், மறுநாள் காலையில் நீங்கள் சொன்ன அந்த அழுகைக்குப் பாதிக் காரணம் அதுவாகவே இருக்கும்.

உங்கள் அலுவலக வேலைக்கு ஒரு வழி: வேலைக்கு உட்காரும் முன் பத்து நிமிடம் போனை வைத்துவிட்டு முழுசாகப் பிள்ளைகளோடு இருங்கள். பிறகு கதவில் சிவப்பு அட்டை. சிவப்பு என்றால் ரத்தம், நெருப்பு, வாந்தி இவற்றுக்கு மட்டும் கூப்பிடலாம். பச்சைக்கு மாற்றும் நேரத்தைக் கடிகாரத்தில் காட்டிவிட்டுப் போங்கள், அந்த நேரத்துக்குச் சொன்னபடி மாற்றுங்கள். ஒரு தடவை ஏமாற்றினால் அட்டைக்கு மதிப்பு போய்விடும். அம்மாவும் அப்பாவும் மாறி மாறி இந்த முறையை எடுத்துக்கொண்டால்தான் நடக்கும். ஒருவரே சுமந்தால் மாதக் கடைசியில் அவர்தான் முதலில் அழுவார்.

கவனிக்க வேண்டிய இன்னொன்று மனசு. ஆறு வயதுப் பையன் திடீரென்று விரல் சூப்பலாம், படுக்கையை நனைக்கலாம், அம்மாவை விட்டு நகராமல் ஒட்டிக்கொள்ளலாம். பெரிய மாற்றத்தின்போது பிள்ளைகள் இப்படிப் பின்னால் போவது வழக்கம், கேலி செய்யாமல் விட்டால் தானாகச் சரியாகிவிடும். நாள் முழுக்க ஓடும் செய்தியை அணைத்துவிடுங்கள். நோயைப் பற்றிக் கேட்டால் சுருக்கமாக, உண்மையைச் சொல்லுங்கள். கேட்டதற்கு மட்டும். நண்பர்களோடு வீடியோவில் பேச வைத்தால் இரண்டு நிமிடத்தில் பேச்சு தீர்ந்துவிடும். இந்த வயதில் நட்பு என்பதே சேர்ந்து எதையாவது செய்வதுதான். இரு பக்கமும் காகிதம் கொடுத்து, ஒருவர் சொல்ல மற்றவர் பார்க்காமல் வரையட்டும். சாப்பாடு, தூக்கம் குறைந்து, எதிலும் ஆர்வமில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் பேசுங்கள்.

‘பின்தங்கிவிடுவார்களோ’ என்பதற்கும் ஒரு வார்த்தை. 2020 ஏப்ரலில் 190-க்கும் மேற்பட்ட நாடுகளில் பள்ளிகள் மூடியிருந்தன, நூற்றைம்பது கோடிக்கும் மேற்பட்ட மாணவர்கள் வீட்டில் இருந்தார்கள் என்று யுனெஸ்கோ கணக்கிட்டது. அதாவது ஒரு வகுப்பே மொத்தமாக ஒரே இடத்தில் நிற்கிறது. ஆசிரியர்கள் அங்கிருந்துதான் தொடங்கியாக வேண்டும். இது முதல் தடவையும் இல்லை. 1937-ல் சிகாகோவில் போலியோ பரவிப் பள்ளி திறப்பு தள்ளிப்போனபோது, உள்ளூர் வானொலி நிலையங்கள் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தின. ஒவ்வொரு பாடமும் 15 நிமிடம், எந்த வகுப்புக்கு எப்போது என்று காலைச் செய்தித்தாளில் வந்துவிடும். அப்போதும் வேகம் பிடிபடவில்லை, சரியாகக் கேட்கவில்லை என்ற குறைகள் இருந்தன.

பள்ளி திறக்கும் தேதி தெரிந்தவுடன் இரண்டு வேலை. படுக்கும் நேரத்தையும் எழும் நேரத்தையும் இரண்டு வாரம் முன்பிருந்தே கால் மணி நேரம் கால் மணி நேரமாக முன்னதாகக் கொண்டு வாருங்கள். ஆசிரியருக்கு ஒரே ஒரு தாள் எழுதிக் கொடுங்கள்: எந்தப் புத்தகங்களை வாசித்தான், எந்த எழுத்தில் இன்னும் தடுக்குகிறான், வாய்ப்பாட்டின் 21-ல் எத்தனை டப்பா மாறியிருக்கிறது, எதற்குப் பயப்படுகிறான். மதிப்பெண் பட்டியலைவிட முதல் வாரத்தில் அவருக்கு அந்தத் தாள்தான் உதவும்.